முகத்துவாரத்தில் ஒரு கரண்டிமூக்கு

கடைக்குள் சேற்று நாற்றம் அடிக்கிறது. வெங்காயக் கலர் புடவைக்கு ஜாக்கெட் துணி பார்க்க வந்த ஒரு அம்மா, மூக்கைச் சுளித்துக்கொண்டு, "டிரெய்னேஜ் எங்கயாவது உடைஞ்சிருக்காங்க?" என்று கேட்டார். எதுவும் உடையவில்லை. என் செருப்புதான். அடையாற்று முகத்துவாரத்திலிருந்து நேரே தி. நகருக்கு வந்து, ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உப்பும் அழுகின பாசியும் ஊர்ச் சாக்கடையும் கலந்த இந்த வாடையை ஆசையாக மூச்சிழுத்த ஒரே ஆள் நீதான். "இந்த நாத்தம் இருக்கற வரைக்கும்தாண்டி உள்ளான் குருவியெல்லாம் வரும்" என்பாய். கால் கழுவாமல் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது.

உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. இன்று காலை, கொசு உள்ளான் கூட்டத்துக்கு நடுவே ஒன்றைப் பார்த்தேன். அதன் மூக்கு நுனி அகலமாக இருந்தது. நீ மட்டும் இருந்திருந்தால், மணலிலேயே நின்றுகொண்டு உனக்குப் போன் போட்டிருப்பேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. இந்த ஒரு வருஷமாக நான் அந்தச் சேற்றுக்குப் போனதெல்லாம் ஒரே காரணத்துக்குத்தான். உன்னைச் "சேத்து மேடம்" என்று கூப்பிட்டுச் சிரித்தவர்கள் வாயை அடைக்க வேண்டும். அதற்கு ஒரு நிஜமான கரண்டிமூக்கு உள்ளான் வேண்டும். இன்று அது என் கண்ணுக்கு முன்னால் நின்றது, அல்லது நின்றதாக எனக்குத் தோன்றியது.

நாம் இருவரும் பழகியதே ஒரு வாய்ச் சண்டையில். மயிலாப்பூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நீ, ஒரு கைத்தறிப் புடவையைத் தூக்கிக்கொண்டு என் மேட்சிங் கடைக்கு வந்தாய். அது பழுப்பு என்று அடம்பிடித்தாய். "பழுப்பு இல்ல மேடம், சுக்குக் கலர். வெயில்ல கொண்டுபோய்ப் பாருங்க" என்றேன். நீயும் விடாமல் பிளாட்பாரத்துக்குப் போய், துணியையும் புடவையையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாய். திரும்பி வந்தபோது உன் முகம் மாறியிருந்தது. "நீங்க ஞாயித்துக்கிழமை கார்த்தால என்ன பண்றேள்?" என்றாய். ஏதோ பஜனைக்குத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன்.

"குளிர்காலத்துல வர கரையோரப் பறவையெல்லாம் ஒரே மண் கலரா இருக்கும். எனக்கு மூக்கு தெரியறது, காலு தெரியறது. கலர் மட்டும் பிடிபடவே மாட்டேங்கறது. உங்க கண்ணு எனக்கு வேணும்" என்றாய். இப்படி ஒரு வேண்டுகோளை அதுவரை யாரும் என்னிடம் வைத்ததில்லை. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று வந்தேன்.

அப்புறம் ஞாயிறு தவறாமல் பட்டினப்பாக்கம் தாண்டி, சீனிவாசபுரம் குடிசைகளுக்குப் பின்னால், ஆறு கடலில் கலக்கும் மணலில் நாம் இருந்தோம். நமக்கு இரண்டு பேருக்குமே நாற்பது தாண்டியிருந்தது. "நீங்க" என்பது "நீ" ஆகி, "டி" ஆக ரொம்ப நாள் பிடிக்கவில்லை. நீ மூக்கைப் பார்ப்பாய், நான் கலரைச் சொல்வேன். விபூதி, சிமெண்ட், வறுத்த ரவை என்று நான் அடுக்கிக்கொண்டே போவேன். நீ புத்தகத்தைப் புரட்டி, "ஆமாண்டி, நீ சொல்றது சரி" என்று பொறாமையோடு ஒத்துக்கொள்வாய். "விடியக்காலம் எந்திச்சு சாக்கடை பாக்கப் போறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று என் வீட்டுக்காரர் சொன்னதை உன்னிடம் சொன்னபோது, "ஒருத்தி இல்லை, ரெண்டு பேர்னு சொல்லு" என்றாய்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன் ஒரு பொங்கல் சமயத்தில் கடையில் கால் வைக்க இடமில்லை. நான் வர முடியாமல் போனதால் நீ தனியாகப் போனாய். மதியம் உன் போன் வந்தது. "கரண்டிமூக்குடி" என்றாய். எனக்கு அது என்னவென்று அப்போது பாதிதான் தெரியும். சிட்டுக்குருவி அளவுக்கு ஒரு உள்ளான், மூக்கு நுனி மட்டும் கரண்டி போல அகலமாக இருக்கும். ரஷ்யாவின் வடகிழக்கு ஓரத்தில் முட்டையிட்டு, குளிருக்குப் பர்மா பக்கத்துச் சேற்றுக்கு வந்துவிடும். உலகத்தில் மிச்சமிருப்பதே கொஞ்சம்தான். கொசு உள்ளான் தையல் மிஷின் ஊசி போலக் குத்திக் குத்தித் தின்னும். இது தலையை இடமும் வலமும் ஆட்டிச் சேற்றைச் சலித்துத் தின்னும். நீ பார்த்தது தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. மூக்கு நுனி தடித்திருந்தது. கலங்கலாக ஒரு போட்டோவும் எடுத்தாய். பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாய்.

அவ்வளவுதான், ஊரே கிளம்பி வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்தார்கள். கல்யாண வீடியோக்காரர்கள் போல மணலில் வரிசையாகக் கேமராவுக்கு முக்காலி போட்டு நின்றார்கள். "இன்னா மேடம், ஷூட்டிங்கா? ஹீரோயின் யாரு?" என்று படகைக் கழுவிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கேட்டாராம். தூரத்தில் தலையாட்டும் ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு எல்லோரும் சத்தியம் செய்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அந்த மணலில் விளக்கும் நடைபாதையும் போடப்போவதாகப் பேச்சு எழுந்து, வேண்டாம் என்று குழுவினர் மனு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். மனுவின் முதல் வரியில் கரண்டிமூக்கு ஏறியது. உன் பெயரும் ஏறியது.

பொங்கல் கூட்டம் அடங்கியபின் ஒரு நாள் வேலைக்கு நடுவே நான் ஓடி வந்தேன். மத்தியான வேளை, மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நாம் இருவர்தான். நீ பெருமையாகத் தொலைநோக்கியை என் பக்கம் திருப்பினாய். பார்த்தேன். "கலர் சரியில்லயே" என்றேன். கரண்டிமூக்குக்கு நெற்றியும் முகமும் வெளுத்திருக்கும் என்று நீதான் சொல்லியிருந்தாய். இதுவோ பக்கத்தில் நின்ற கொசு உள்ளான்களின் அதே சிமெண்ட் கலர்.

"வெயில் அடிக்கறது, அதான் உனக்கு அப்படித் தெரியறது" என்று என்னை நகர்த்திவிட்டு நீ பார்த்தாய். அந்த நேரம் பார்த்து அது ஒரு குட்டைக்குள் இறங்கியது. முங்கி முங்கிக் குளித்தது. சிறகை உதறியது. பிறகு ஒரு காலைத் தூக்கி மூக்கைப் பரபரவென்று தேய்த்தது. உருண்டையாக ஒரு சேற்றுக் கட்டி மூக்கிலிருந்து விழுந்தது. அதன்பின் அது தலையை ஆட்டவில்லை. ஒட்டிய சேற்றை உதறத்தான் இத்தனை நாளும் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறது, பாவம். கண்ணை எடுக்காமலே நீ, "போயிடுத்து" என்றாய்.

"எது?"

"கரண்டி."

நான் உடனே, "யாரு பாத்தா? நாம ரெண்டு பேருதான். முன்னாடி வந்தது நெசமாவே கரண்டிமூக்கா இருந்திருக்கலாம்லா? மனு வேற போகப் போவுது. வாயத் திறக்காம இரு" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எனக்கு அந்த மணல் முக்கியமாகப் பட்டது.

நீ கோபப்படவில்லை. "ஒருத்தருக்கு சர்க்கரை வியாதி இல்லை. இருக்குன்னு எங்க லேப்லேர்ந்து ரிப்போர்ட் போயிடுத்து. அவர் அதைப் பார்த்துட்டு ஸ்வீட் சாப்பிடறதை நிறுத்திட்டார், உடம்புக்கு நல்லதுதானேன்னு நான் விட்டுட முடியுமோ?" என்று கேட்டாய். "கொசு உள்ளானுக்கு எடம் வேணும்னு கேக்க நமக்கு வாய் இல்லையாடி? அதுவும்தான் அத்தனை தூரம் பறந்து வரது." இதைச் சொல்லிவிட்டு, அங்கேயே மணலில் உட்கார்ந்து குழுவில் எழுதினாய்: நான் சொன்னது தப்பு. அது கொசு உள்ளான். மூக்கில் சேறு ஒட்டியிருந்தது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் விடியும்போது சீனிவாசபுரத்து மணல் தொடங்கும் இடத்தில் போய் நின்றாய். "ராத்திரி பஸ் ஏறினவா மெசேஜ் பார்த்திருக்க மாட்டா. ஆளைப் பார்த்துத்தான் சொல்லணும்" என்றாய். கேமரா பையோடு வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, "மன்னிக்கணும், நான் தப்பா சொல்லிட்டேன்" என்றாய். சிலர் சிரித்தார்கள். ஒருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போனார், எனக்கு அந்த ஆளைத்தான் அறையத் தோன்றியது. நின்றவர்களிடம், "வந்தது வந்தேள், இதையும் பாருங்கோ" என்று ஒரு சாதாரணக் கொசு உள்ளானைத் தொலைநோக்கியில் காட்டினாய். படகுக்காரர் வந்து, "இன்னாமா, காலைலேர்ந்து ஒவ்வொருத்தரா புட்ச்சு புட்ச்சு பேசிக்கினு கீற, எலெக்‌ஷன்ல நிக்கிறியா?" என்றார்.

"ஆமாம்பா. எனக்கு எதிரா நானே நிக்கறேன்" என்றாய்.

சாயங்காலம் குழுவில் ஒரு ஸ்டிக்கர் வந்தது. சேறு அப்பின சாப்பாட்டுக் கரண்டி, அதன்மேல் உன் முகம், கீழே "சேத்து மேடம்". வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நான் எங்கள் அப்பா ஊர்ப் பாஷையில் என்ன உண்டோ அத்தனையையும் எழுதிக் கொட்டிவிட்டு, அந்த நிமிஷமே குழுவை விட்டு வெளியேறினேன். நீ வெளியேறவில்லை. எனக்கு உன்மேல்தான் இன்னும் ஆத்திரம். "சொரணையே கிடையாதா உனக்கு?" என்று கத்தினேன். "நானும் போயிட்டா வாரா வாரம் எண்ணிக்கை யார் போடறது?" என்றாய். அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் எத்தனை கொசு உள்ளான், எத்தனை பவளக்காலி என்று போட்டுக்கொண்டே இருந்தாய். யாராவது பதில் போட்டார்களா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. மனு கொசு உள்ளானை முதல் வரியில் வைத்துக்கொண்டு போனது. மணலில் இன்றுவரை விளக்கு வரவில்லை. மனுவால்தானா என்று எனக்குத் தெரியாது.

சில வருஷம் கழித்து, உன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீயே வாங்கிப் படித்த நாளை மறக்க முடியவில்லை. டாக்டரைப் பார்க்கும் முன்பே எல்லாம் உனக்குப் புரிந்துவிட்டது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இதுல சேறு இல்லடி" என்றாய். நான் ஆட்டோவில் மூஞ்சியை வெளியே திருப்பிக்கொண்டு, ராயப்பேட்டை வரும்வரை அழுதேன். நீ என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாய். யார் யாரைத் தேற்ற வேண்டுமென்ற விவஸ்தையே இல்லை அன்றைக்கு.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு சபதம் போட்டேன். "ஒரு நெசக் கரண்டிமூக்கக் கண்டுபிடிச்சு, அவனுவ மூஞ்சில அடிக்கேன் பாரு." நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். "கண்டுபிடிக்கணும்னு போனா கண்டுபிடிச்சுடுவேடி நீ. அதான் எனக்குப் பயம்" என்றாய். நீ போனபின் உன் தம்பி தொலைநோக்கியை என் கடையில் கொண்டுவந்து கொடுத்தான். அன்றிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறேன். எண்ணிக்கை எடுக்க அல்ல, அந்த ஒன்றைத் தேட.

இன்று தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. கூட்டம் பக்கத்திலேயே மேய்ந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஒன்றில் நின்றுவிட்டேன். நேராகப் பார்த்தபோது மூக்கு நுனி அகலம். பக்கவாட்டில் திரும்பியபோது மெல்லியது. முகம் சிமெண்ட் இல்லை, விபூதி. இதுதான், இதுதான் என்று ஒரு மனசு கூத்தாடியது. "அதான் எனக்குப் பயம்" என்று நீ சொன்னதும் கூடவே கேட்டது. உண்மையிலேயே வெளுப்பா, இல்லை எனக்கு வெளுப்பாக இருக்க வேண்டியிருந்ததா? முப்பது வருஷமாகக் கலரை நம்பிப் பிழைக்கிறவள் நான். என் கண்ணை நானே நம்பாமல் நின்றது இதுவே முதல் தடவை.

"குளி, குளி" என்று வாய்விட்டே கெஞ்சினேன். குட்டைப் பக்கம் போனது, தண்ணீரில் கால் வைத்தது. அதற்குள் ஒரு நாய் குறுக்கே பாய, மொத்தக் கூட்டமும் எழும்பிக் கடல் பக்கம் போய்விட்டது. தண்ணீர் ஏறும்வரை காத்திருந்தேன். வரவில்லை.

கடைக்கு வரும் வழியெல்லாம் இரண்டே எண்ணம்தான். யாரிடமும் சொல்லாமல் விட்டால் உன் பெயருக்கு நான் எதுவும் செய்யாதவளாவேன். "பார்த்துவிட்டேன்" என்று சொன்னால், நீ மணல் ஓரத்தில் நின்று திருப்பி அனுப்பிய அத்தனை பேரையும் நான் மறுபடி வரச் சொல்வதாகும். ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. நாளைக்கு அந்தப் பறவையை இன்னொரு கண் பார்க்க வேண்டும். அந்தக் கண் இருப்பது, செத்தாலும் இனி மிதிக்க மாட்டேன் என்று நான் வெளியேறிய குழுவில். வைராக்கியமாவது மண்ணாவது என்று அட்மினிடம் சேர்த்துவிடச் சொல்லிக் கேட்டேன். உடனே சேர்த்துவிட்டார். வெங்காயக் கலர் அம்மாவிடம் ஒரு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு எழுதினேன்: முகத்துவாரம், வடகரை. கொசு உள்ளான் கூட்டத்தில் ஒன்று. மூக்கு நுனி அகலமாகத் தெரிந்தது, முகம் வெளுப்பு. கரண்டிமூக்கா என்று எனக்குத் தெரியாது. இன்னொருவர் பார்க்க வேண்டும்.

"தெரியாது" என்பதை இரண்டு தடவை அழித்து அழித்து அடித்தேன். இத்தனை நாள் வைத்திருந்த ஆயுதத்தை நானே கீழே போடுகிறேன் என்று இருந்தது. ஆனாலும் அனுப்பினேன்.

முதல் பதில், பழக்கமில்லாத ஒரு நம்பரிலிருந்து: "மூக்கு கழுவிச்சா அக்கா?"

தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. அதற்குள் இன்னொருவர்: "கழுவிச்சா?" இத்தனை வருஷம் கழித்தும், நீ செத்தபின்னும், இவர்களுக்குக் கிண்டல் தீரவில்லையா? எழுதினால் போதாது என்று அந்த நம்பருக்கே போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள், பின்னால் பஸ் இரைச்சல்.

"ஏம்மா, போய்ச் சேர்ந்தவள இன்னுமா கேலி பண்ணுதீங்க? உங்களுக்கெல்லாம் மனசாட்சி கிடையாதா?"

அவள் திகைத்துப் போனாள். "யாரக்கா? நான் யாரக் கேலி பண்ணேன்?"

"மூக்கு கழுவிச்சான்னு கேட்டியே."

"ஐயோ, அது இங்க எல்லாரும் கேக்கறதுதான்க்கா. யாராச்சும் புதுசா ஒண்ணு பாத்தேன்னு போட்டா, அது குளிச்சு முடிக்கிற வரைக்கும் பேர் சொல்லக் கூடாது. பருந்துன்னு போட்டாக்கூட மொதல்ல அதத்தான் கேப்போம். நான் சேந்தப்பவே அந்த ரூல் இருந்துச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள், "நீங்க தெரியாதுன்னு போட்டீங்க பாருங்க, அதனாலதான்க்கா நாளைக்கு வரலாம்னு இருக்கோம். கரண்டிமூக்குன்னு அடிச்சு சொல்லியிருந்தீங்கன்னா இன்னும் ஒரு நாள் பாத்துட்டு வந்திருப்போம்."

"அந்த ரூலு யாரு போட்டது?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. யாரோ ஒரு மேடமாம். ரொம்ப வருஷம் முன்னாடி."

சேத்து மேடம் என்று அவள் சொல்லவில்லை. அந்தப் பெயரே அவள் காதில் விழுந்ததில்லை. அதை ஒரு வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுதது நான் ஒருத்திதான் போலிருக்கிறது. ஸ்டிக்கர் போட்டவன் யாரோ, அது போன இடம் எதுவோ. நீ செய்தது மட்டும் தங்கிவிட்டது, ஆனால் செய்தவள் யாரென்று தெரியாமல் தங்கியிருக்கிறது. அப்படி விட்டுவிட நான் தயாராக இல்லை.

"விடியறதுக்குள்ள வந்துருங்க. அது குளிக்கட்டும். கரண்டியோ சேறோ, என்னவா இருந்தாலும் நானே குழுவுல போடுதேன்" என்றேன். அவள் சரி என்று வைக்கப் போனாள். "வைக்காத, இரு" என்றேன். துணிக்குக் காத்திருந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"யாரோ ஒரு மேடம் இல்லம்மா" என்று ஆரம்பித்து, உன் பெயரைச் சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன். பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்றாள். கடை முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்.